முதல் முறை கார் பேட்டரி மாற்றப் போகிறவர்களுக்கு

கார் வாங்கி மூன்று, நான்கு வருடம் ஆனதும் பிள்ளைகள் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐயா, எந்தக் கம்பெனி பேட்டரி போடட்டும்?" கார் வயரிங்கும் பேட்டரியும் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் அதனால் உங்களுக்குப் பெரிய பயன் இல்லை. கம்பெனி கடைசியில் வருகிற விஷயம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டால் நல்ல கம்பெனி எதுவானாலும் போதும். பார்க்காமல் விட்டால் எந்தப் பெயரும் காப்பாற்றாது. நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பேட்டரிதான் போய்விட்டதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

காலையில் சாவியைத் திருப்பினால் "டக டக" என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. உடனே கடைக்குப் போன் போகிறது. பையன் புது பேட்டரியோடு பைக்கில் வந்து மாட்டிவிட்டுப் போகிறான், வண்டி ஓடுகிறது. சில நாளில் மறுபடி அதே "டக டக". காரணம் வேறு எங்கோ இருந்திருக்கிறது. காசு மட்டும் போய்விட்டது.

எங்கள் தெருவில் ஒரு ஆசிரியையின் காருக்கு இப்படித்தான் புது பேட்டரி சொல்லிவிட்டிருந்தார்கள். பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பிளஸ் டெர்மினல் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. கிளாம்ப்பைக் கையால் திருகினாலே சுற்றியது. வயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஈயக் கட்டை பளபளவென்று தெரியும்வரை எமரி தாளால் துடைத்து, 10-ஆம் நம்பர் ஸ்பானரால் இறுக்கினேன். ஒரே திருப்பில் வண்டி எடுத்தது. அந்த பேட்டரி அதன் பிறகும் வெகுகாலம் உழைத்தது.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். அடுத்து ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள். முழு சார்ஜில் இருக்கிற பேட்டரி செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் அதற்குத் தெம்பு இல்லை. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். அப்போதும் 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று பொருள். அந்த வண்டியில் எத்தனை புது பேட்டரி வைத்தாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இப்போது வருகிற சில கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அதனால் இந்த எண் சற்று முன்பின் ஆகலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள், தெரிந்துவிடும்.

இறங்கிப்போன பேட்டரியும் செத்துப்போன பேட்டரியும் வேறு வேறு. உள் விளக்கை அணைக்க மறந்து இறங்கியிருந்தால், கடையில் விட்டு நிதானமாக சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். ஏற்றி ஒரு நாள் சும்மா வைத்த பிறகும் 12.5-க்கு மேல் நின்றால் லோடு டெஸ்ட் வைக்கச் சொல்லுங்கள். அதில் தேறினால் அந்த பேட்டரிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. 10.5 பக்கத்திலேயே நின்றுவிட்டால் ஆறு செல்லில் ஒன்று போய்விட்டது, அதற்கு வைத்தியம் கிடையாது.

2. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில்.

குளிர் தேசத்துப் புத்தகங்களும் வீடியோக்களும் பனிக்காலத்தைப் பற்றியே பேசும். சி.சி.ஏ. என்று ஒரு எண்ணைப் பெரிதாகக் காட்டும். மைனஸ் 18 டிகிரி குளிரில் பேட்டரி எவ்வளவு கரண்ட் தள்ளும் என்பதற்கான கணக்கு அது. சென்னைக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கிற தேவை இல்லை. கார் தயாரித்தவர் சொன்ன அளவு இருந்தால் போதும். ஊட்டி, கொடைக்கானலில் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் அந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள்.

நமக்குக் கவலை வேறு. சூடு ஏற ஏற உள்ளே இருக்கிற பிளஸ் பிளேட்டின் ஈயச் சட்டம் அரித்துப்போகும், ஆசிடில் உள்ள தண்ணீர் வற்றும். சராசரிச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லோரும் சொல்கிற கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஐந்து, ஆறு வருடம் வரும் என்று எழுதியிருக்கிற பேட்டரி இங்கே மூன்று, நான்கு வருடத்தில் தளர்வது இதனால்தான். வெயில் உள்ளே செய்த சேதம் மழைக்காலத்தில் வெளியே தெரியும். வைப்பரும் லைட்டும் சேர்ந்து ஓடுகிற நாளில் பேட்டரி கையை விரித்துவிடும்.

ஆகவே மூன்று வருடம் தாண்டிய பேட்டரியை ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை டெஸ்ட் செய்துவிடுங்கள். நடுரோட்டில் நின்றுபோய் அவசரத்தில் வாங்குகிற பேட்டரியில் லாபம் பார்த்தவர் யாரும் இல்லை. வருகிற பையன் கையில் எது இருக்கிறதோ அதை, அவன் சொல்கிற விலைக்கு வாங்குவீர்கள்.

3. பழைய பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நம் ஊர் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இருக்கும். அதன் மேல் 38பி20எல் என்கிற மாதிரி ஒரு குறி இருக்கும். இது ஜப்பான் அளவு முறை. முதலில் வருகிற 38 அதன் திறனைக் காட்டும் எண். பலர் அதை ஆம்பியர் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். பி என்பது அகலத்துக்கும் உயரத்துக்குமான வகுப்பு. 20 என்பது சென்டிமீட்டரில் ஏறக்குறைய நீளம். கடைசியில் எல் அல்லது ஆர் என்று இருப்பது பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்று சொல்லும்.

அந்தக் கடைசி எழுத்தைத்தான் நான் மறுபடி மறுபடி சொல்லுவேன். பக்கம் மாறி வந்துவிட்டால் வயர் எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்டுகிற கைகளும் உண்டு. பிளஸ்ஸும் மைனஸும் மாறிப் போனால் பெரிய ஃபியூஸ் போகும், ஆல்டர்னேட்டர் டயோடு போகும், நேரம் சரியில்லை என்றால் கம்ப்யூட்டரும் போகும். டெர்மினல் கட்டை ஒல்லியா தடிமனா என்பதும் முக்கியம். தடிமனுக்கான கிளாம்ப்பை ஒல்லிக் கட்டையில் மாட்டி நடுவில் தகரத்தைச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐரோப்பிய முறையில் வருகிற டின் (DIN) வகைப் பேட்டரிகளை அடிப்பக்க விளிம்பில் பிடித்து இறுக்குவார்கள். அந்த இடத்தில் ஜப்பான் வகையை வைத்தால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிற பேட்டரியில் பிளேட் சீக்கிரம் உதிரும்.

4. "கொஞ்சம் கூடப் போட்டா பெருசு தரேன்" என்பார்கள். தட்டில் சரியாக உட்கார்ந்து, பானெட்டில் இடிக்காமல் இருந்தால் சற்றுப் பெரிய பேட்டரியால் வண்டிக்குக் கெடுதல் இல்லை. பெரிதாக நன்மையும் இல்லை. கம்பெனி கொடுத்த அளவே போதும். சிறியதை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

5. சிக்னலில் தானாக இன்ஜின் அணைந்து தானாக எடுக்கிற வண்டியா? அதற்கென்று வருகிற பேட்டரியைத்தான் போட வேண்டும். இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்று அதன் மேல் எழுதியிருக்கும். ஒரு பயணத்தில் பலமுறை ஸ்டார்ட் ஆவதைச் சாதாரண பேட்டரி தாங்காது, விலை குறைவு என்று போட்டால் சீக்கிரமே திரும்பக் கடைக்கு வருவீர்கள். ஏ.ஜி.எம். இருந்த இடத்தில் மறுபடி ஏ.ஜி.எம்.தான். சில ஐரோப்பிய சொகுசு கார்களில் புது பேட்டரி போட்டதை ஸ்கேனர் வைத்து வண்டிக்குப் பதிவு செய்யவும் வேண்டும். வாங்குமுன் அந்த வேலை தெரிந்த கடையா என்று கேளுங்கள்.

6. தயாரித்த தேதியைப் பாருங்கள். பால் பாக்கெட்டில் பார்ப்பீர்களே, அதைவிடக் கவனமாக.

இந்த ஒன்றை நினைவில் வைத்தால் நான் சொன்ன மற்றதில் சிலது மறந்தாலும் பரவாயில்லை. பேட்டரி அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சார்ஜ் இறங்கும். வெயிலில் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பிளேட்டின் மேல் உப்பு மாதிரி ஈய சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு முழுதாகத் திரும்பாது. பெட்டி பிரிக்காத புது பேட்டரிதான், ஆனால் பாதி ஆயுள் கடையிலேயே கழிந்திருக்கும்.

தேதி சில பேட்டரிகளில் நேராக அச்சிட்டிருக்கும். சிலவற்றில் எழுத்தும் எண்ணும் கலந்த குறியாக இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெட்கப்படாமல் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. ஆறு மாதம் தாண்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் சரி. பெரிய தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்றால் முதலில் தேதியைத்தான் தேடுவேன் நான். கையில் மல்டிமீட்டர் இருந்தால் அங்கேயே வைத்துப் பாருங்கள். புது பேட்டரி 12.5-க்குக் கீழே காட்டினால் வேறொன்று எடுத்துவரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரே மீட்டரை எடுத்து நீட்டுவார்.

7. வாரன்டி எத்தனை மாதம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் இலவசமாக மாற்றித் தருவது எத்தனை மாதம் என்று கேளுங்கள்.

அட்டையில் 60 மாதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே 30 கூட்டல் 30 என்று பொடி எழுத்தில் இருக்கும். முதல் 30 மாதத்துக்குள் கெட்டால் வேறு பேட்டரி தருவார்கள். அடுத்த 30 மாதத்தில் கெட்டால் அன்றைய விலையில் ஒரு பங்கு மட்டும் கழித்துக்கொண்டு புதிது விற்பார்கள். நாள் ஆக ஆக அந்தக் கழிவும் சுருங்கும். வழக்கமான பேரத்தில் கிடைக்கிற விலைக்கும் அதற்கும் கடைசி மாதங்களில் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஒரு உதாரணத்துக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள். ஒன்று 4,000 ரூபாய், இலவச காலம் 18 மாதம். இன்னொன்று 5,000 ரூபாய், இலவச காலம் 30 மாதம். வகுத்துப் பார்த்தால் முதலாவது மாதத்துக்கு 222 ரூபாய், இரண்டாவது 167 ரூபாய். கடையில் நிற்கும்போது ஆயிரம் ரூபாய் மிச்சம் போலத் தெரிந்தது இப்போது நஷ்டமாகத் தெரியும். காரை இரண்டு வருடத்துக்குள் விற்கப் போகிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், அவருக்குக் குறைந்த வாரன்டி உள்ளதே போதும்.

டாக்ஸியாக ஓடுகிற வண்டிக்கு வாரன்டி பெரும்பாலும் குறைவு. சொந்த வண்டி என்று பொய் சொல்லி எழுதி வாங்காதீர்கள், கேட்கப் போகும்போது வண்டிப் பதிவெண்ணைப் பார்ப்பார்கள்.

8. விலை கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது.

"எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மாதிரி சொல்லும், ஒப்பிடவே முடியாது. ஒரு கடை பழைய பேட்டரியைக் கழித்த விலை சொல்லும், இன்னொன்று கழிக்காத விலை சொல்லும். மாட்டுகூலி சிலர் சேர்ப்பார்கள், சிலர் கடைசியில் கேட்பார்கள். ஆகவே மூன்று கடைக்கும் போனில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இன்ன குறியுள்ள பேட்டரி, ஜி.எஸ்.டி. பில்லோடு, வீட்டுக்கு வந்து மாட்டி, பழையதை எடுத்துக்கொண்டு, கையில் மொத்தம் எவ்வளவு? அதை எழுதி வையுங்கள்.

எம்.ஆர்.பி. விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். பேட்டரிக் கடைகளில் அந்த விலைக்கு விற்பது அபூர்வம். கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதே பேட்டரிக்குப் பெரும்பாலும் கூடுதலாகப் போடுவார்கள். சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் கடை கடையாகக் கேட்க முடியும், மற்ற ஊர்களில் போன்தான் வசதி. பேட்டரி மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் எந்த விகிதம் போட்டிருக்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். பில் வேண்டாம் என்றால் வரியைக் கழித்துத் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள். பில் இல்லாத பேட்டரிக்கு வாரன்டி கேட்டு எங்கே போவீர்கள்?

9. இப்போது கம்பெனி.

எக்ஸைடு, அமரான், எஸ்.எஃப். சோனிக், டாட்டா கிரீன் என்று தெரிந்த பெயர்கள் பல இருக்கின்றன. எஸ்.எஃப். சோனிக் எக்ஸைடு நிறுவனத்தின் பெயர்தான். எக்ஸைடுக்கு நம் ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. அமரான் பக்கத்துத் திருப்பதியிலிருந்து வருகிறது. இவற்றுக்குள் எது உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்களோடு நீங்கள் சேர வேண்டாம். ஒரே கம்பெனியின் மலிவு ரகத்துக்கும் உயர்ந்த ரகத்துக்கும் இருக்கிற வித்தியாசம், இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிது.

என் கேள்வி வேறு. உங்கள் ஊரில், உங்கள் வீட்டிலிருந்து எட்டுகிற தூரத்தில், வாரன்டி கேட்டால் முகம் சுளிக்காமல் டெஸ்ட் செய்து மாற்றித் தருகிற கடை எந்தக் கம்பெனிக்கு இருக்கிறது? அதை வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு டாக்ஸி டிரைவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் பிழைப்பு போகிறவர்கள், எந்தக் கடைக்காரர் வார்த்தை மாறாதவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

10. "அசெம்பிள் பேட்டரி", "ரீகண்டிஷன் பேட்டரி" என்று பாதி விலைக்குக் கிடைக்கும். பழைய பெட்டியில் பழைய பிளேட்டைச் சுத்தம் செய்து புது ஆசிட் ஊற்றியது அதில் பல. வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்கு நாலு மாதம் ஓட்டலாம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் நெடுஞ்சாலையில் போகிறவர் வாங்கக் கூடாது.

11. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸில் இருக்கிற ஸ்பானர் தவறி பாடியில் பட்டால் தீப்பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பொறி பட்டால் வெடிக்கும், ஆசிட் கண்ணில் தெறிக்கும். அவசரப்படுகிற பையனிடம் "மெதுவா பண்ணு தம்பி" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

கிளாம்ப்பைச் சுத்தியலால் தட்டி இறக்க விடாதீர்கள், உள்ளே செல் விரிசல் விடும். பிடித்து இறுக்குகிற கம்பியும் நட்டும் திரும்பப் போட்டாரா என்று பாருங்கள். பேட்டரியைச் சுற்றி ஒரு கறுப்பு உறை இருந்திருந்தால் அதையும் திரும்பப் போடச் சொல்லுங்கள். இன்ஜின் சூடு படாமல் இருக்கத்தான் கம்பெனி அதைக் கொடுத்தது, நிறையப் பேர் வேண்டாத பொருள் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முடிந்ததும் டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவச் சொல்லுங்கள். இன்ஜினை ஓடவிட்டு சார்ஜ் எத்தனை வோல்ட் ஏறுகிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். அவர் கிளம்புவதற்கு முன் பேட்டரி சீரியல் நம்பர் பில்லிலும் வாரன்டி பதிவிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பில்லைப் போட்டோ எடுத்து வையுங்கள். தெர்மல் தாளில் அச்சடித்த பில் சில மாதத்தில் வெளுத்துப் போகும்.

12. வாங்கிய பிறகு அதைப் பட்டினி போடாதீர்கள்.

கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஐந்து நிமிடம் ஓடுகிற வண்டியில், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜே திரும்ப ஏறாது. வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். 2020 ஊரடங்கில் வாசலில் நின்ற கார்களில் எத்தனை பேட்டரி போயிற்று என்று அந்த வருடம் கடை வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

வண்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரம், பூட்டு, அலாரம் என்று கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் வழக்கமானது. 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அந்தக் கணக்கில் வற்ற நான்கு வாரம் பிடிக்கும். வெளியே வாங்கி மாட்டிய கேமராவோ ஆம்ப்ளிஃபையரோ அரை ஆம்பியர் இழுத்தால் மூன்றே நாளில் முடிந்துவிடும். புது பேட்டரி அடிக்கடி இறங்கினால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் எலெக்ட்ரீஷியனிடம் இந்தக் கசிவை அளக்கச் சொல்லுங்கள்.

மூடி திறக்கிற வகை என்றால் மாதம் ஒரு முறை மட்டம் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றக் கூடாது, குழாய்த் தண்ணீரும் கூடாது. மேலே பச்சைக் கண் இருக்கிற வகையில், அது ஆறு செல்லில் ஒன்றை மட்டுமே காட்டுகிறது. பச்சை தெரிந்தால் எல்லாம் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

13. பழைய பேட்டரியை எடைக்கடைக்குப் போடாதீர்கள்.

அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால்தான் கடைக்காரர் அதற்கு விலை கழிக்கிறார், நியாயமாகக் கழிக்கிறாரா என்று பேசியும் வாங்கலாம். எடைக்கடையில் பத்து, நூறு கூடக் கொடுப்பார்கள் என்று போடுகிறவர்கள் உண்டு. அங்கிருந்து அது எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறேன். ஒதுக்குப்புறத்தில் உடைத்து, ஆசிடை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் ஈயத்தை உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் முதலில் சேர்வது அங்கே விளையாடுகிற குழந்தைகளின் உடம்பில். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் கொடுத்திருக்கின்றன. அவர்களுடைய டீலரிடமே கொடுங்கள், பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழித்தார் என்பதைப் பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லி வாங்குங்கள்.